பித்தளைத் தகடும் நாலு ஸ்க்ரூவும்

அத்தியாயம் 12

"பார்த்தேன்னு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. அப்புறம் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கற?"

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் என்னைக் கேட்ட கேள்வி இது. ஒருத்தி இன்னொருத்தியின் பேனாவை எடுத்ததை நான் பார்த்திருந்தேன். வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் என்று படுத்தேன். காய்ச்சல் விட்டது, பள்ளிக்கூடமும் விட்டது.

அதே கேள்வி எட்டு வருஷம் கழித்து எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டுக்குள் என்னைத் தேடிக்கொண்டு வரும் என்று நான் நினைக்கவில்லை.

அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. நாங்கள் இருப்பது வாடகை வீடு. அப்பா விட்டுப்போன சொத்து ஷெட்டில் நிற்கும் கார் ஒன்றுதான். நூறு வருஷத்துக்கு மேல் வயதான கார். மரச் சக்கரம், பித்தளை விளக்கு, சைக்கிளுக்கு இருப்பது போலச் செயின், முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும்.

அக்கா அதை விற்க வேண்டும் என்கிறாள். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக டைப்பிஸ்ட் வேலையை விட்டவள் அவள். ஆறு வருஷம். "எனக்குன்னு ஒரு ரூம் வேணும். தாழ்ப்பாள் போட்டுட்டுப் படுத்தா பக்கத்து ரூம்ல யாரும் இருமக் கூடாது" என்பாள். அதில் தப்புச் சொல்ல யாராலும் முடியாது.

அண்ணன் கார் சீட் தைக்கிறவன். அவனுக்கு வேண்டியது அந்தக் கார் மட்டும்.

போன வாரம் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விலை மதிப்பவர் ஒருவரை வரவழைப்பது. அவர் சொல்லும் விலையில் பாதியை அண்ணன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டால் கார் அவனுக்கு. கொடுக்க முடியாத விலையாக இருந்தால் விற்றுவிடுவது. எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் தலையை ஆட்டிவிட்டேன். "ஊமைக்கோட்டான் தலையாட்டினா பத்திரத்துல கையெழுத்துப் போட்ட மாதிரி" என்று அண்ணன் சிரித்தான்.

ஆக, விலை குறைந்தால் கார் நிற்கும். விலை ஏறினால் கார் போகும்.

நேற்று மதியம் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது ஷெட் ஜன்னல் வழியாக அண்ணனைப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கு எதிரே இருக்கும் மரப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு மேடு உண்டு. எங்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. தின்னர் நனைத்த துணியால் அவன் தேய்க்கத் தேய்க்க, கறுப்பு கரைந்து மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பித்தளைத் தகடு. அதில் எழுத்துகள்.

அண்ணன் குனிந்து படித்தான். வெகுநேரம் அசையாமல் நின்றான். பிறகு நாலு மூலையிலும் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகட்டைத் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். பழைய சாமான் கடையில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த ஒரு கடிகாரத்தை அந்த இடத்தில் பொருத்தினான்.

நான் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

விலை மதிப்பவர் இன்று காலை ஒன்பதுக்கு வந்தார். பெரிய கோட்டு போட்ட ஆள் ஒருவர் வரப்போகிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். வந்தது ஒரு அம்மா. குள்ளமான உருவம், கயிற்றில் தொங்கும் கண்ணாடி, தோளில் கான்வாஸ் பை.

"டீ போடட்டுமா மேடம்?" என்றாள் அக்கா.

"வேலை முடியட்டும்மா. டீ குடிச்சா எனக்குக் கை நடுங்கும்."

ஷெட் கதவை அண்ணன் தோளால் தள்ளித் திறந்தான். எப்போதும் அப்படித்தான் திறப்பான். அந்தக் கதவு கறுப்பு. அப்பா வேலை பார்த்த பெரிய வீட்டில், கடைசியாக வாசல் இரும்புக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைக் கொண்டுவந்து அதற்கு அடித்தார். மட்டமான பிரஷ். கதவு முழுக்கப் பிரஷ் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அவற்றை நகத்தால் பிய்ப்பதுதான் எனக்கு விளையாட்டு.

அந்த அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. எதையும் தொடவில்லை.

"தொட்டுப் பாருங்க மேடம், கடிக்காது" என்றான் அண்ணன்.

"அது கடிக்காதுப்பா. நான்தான் எதையாவது உடைச்சுத் தொலைச்சிடுவேனோன்னு பயம்." மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்க. எலி வாசனையே இல்ல."

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். உடனே சுதாரித்து முகத்தைச் சுருக்கிக்கொண்டான். இன்றைக்கு அவனுக்குப் பாராட்டு ஆகாது.

"இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அக்கா சொன்னாள். "அப்பா ஒரு பெரிய வீட்டுல மெக்கானிக்கா இருந்தார் மேடம். முப்பது வருஷம் முன்னால அவங்க வீட்டைக் காலி பண்ணாங்க. இதைப் பழைய இரும்புன்னு எடைக்குப் போட இருந்தாங்க. அப்பா, கடைசி மாசச் சம்பளம் வேண்டாம், இதைக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டார். எழுதிக் குடுத்த சீட்டுகூட இருக்கு."

"எங்கப்பா ரோட்டுல ஒரு நட்டு கிடந்தாக்கூட யாருதுன்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுப்பார்" என்றான் அண்ணன். அதைச் சொல்லும்போது அவன் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அந்த அம்மா பையிலிருந்து மரக் கைப்பிடி போட்ட ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தார். கைப்பிடிப் பக்கத்தால் சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டினார். தட்டிவிட்டுக் காதைக் கொடுத்தார். டொக். டொக். டொக். பத்தாவது காலில் நின்றார்.

"இது மட்டும் வேற."

அண்ணன் வாய் பிளந்தான். "அப்பா மாத்தினது. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். பார்த்தா தெரியாதே மேடம்?"

"பார்த்தா தெரியாது. மத்ததெல்லாம் கிழவங்க குரல். இது வாலிபன்."

அக்காவே சிரித்துவிட்டாள். ஷெட்டுக்குள் கால் வைத்தாலே பெட்ரோல் நாற்றம் குமட்டுகிறது என்பவள், சேலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு இன்னும் கிட்டே வந்தாள்.

நானும் இன்றைக்குத்தான் அந்தக் காரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதன் பக்கத்திலேயே வளர்ந்து, அதைச் சுற்றித்தான் பெருக்கியிருக்கிறேன். ஆனால் எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் கண்ணாடிக் குப்பிகளை அந்த அம்மா டார்ச் அடித்துக் காட்டியபோது, அவற்றின் கழுத்தில் யாரோ ஊதிய மூச்சு ஒரு சின்னக் குமிழாக உறைந்திருந்தது தெரிந்தது. ஊதியவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மூச்சு இங்கே இருக்கிறது.

"சீட்டைத் தூக்கலாமா?" என்றார்.

அண்ணன் மெத்தையைத் தூக்கினான். அடியில் பலகை. அந்த அம்மா பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு குட்டிக் கண்ணாடியைப் பலகைக்குக் கீழே நுழைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இதைத் திருப்பிப் போடுங்க. மெதுவா."

பலகையின் அடிப்பக்கம் பளபளவென்று வார்னிஷ். வெளிச்சமே படாததால் நேற்றுப் பூசியது போல இருந்தது. மூலையில் பென்சிலால் ஒரு எண்: 7. அதற்குப் பக்கத்தில், வார்னிஷ் காய்வதற்குள் யாரோ பிடித்துத் தூக்கியதில் பதிந்த ஒரு கட்டைவிரல் ரேகை. ஒவ்வொரு கோடும் தெரிந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள்.

"இதைச் செஞ்ச தச்சர்" என்றார் அந்த அம்மா. குரல் இறங்கிவிட்டது. "இவர் இதைப் பூசும்போது ஆகாயத்துல விமானமே பறந்திருக்காது. பறந்திருந்தாலும் இவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"தொட்டுப் பார்க்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டது நான் என்பது, மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"மேல படாம வச்சுப் பாரு."

என் கட்டைவிரலை அந்த ரேகைக்கு மேலே பிடித்தேன். அளவு சரியாக இருந்தது. சின்னக் கை அந்தத் தச்சருக்கு.

"ஓட்டிக் காட்ட முடியுமா?"

"ஷெட்டை விட்டு வராது மேடம். ஆனா பேசும்" என்றான் அண்ணன்.

முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகினான். ஒரு சுற்று, ஒரு இருமல். இரண்டாவது சுற்று, ஒன்றுமில்லை. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. தப்... தப்... தப்... என்று ஒவ்வொன்றாக, அடுத்தது வருமா வராதா என்று நம்மைக் காக்க வைத்து, ஆனால் தவறாமல் வந்தது. அலமாரியில் ஆணி டப்பாக்கள் ஆடின. தரை வழியாக அந்தத் துடிப்பு என் பாதத்தில் ஏறியது. பித்தளை விளக்குகள் நடுங்க, ஓட்டுக் கூரையிலிருந்து விழுந்த வெயில் வட்டங்கள் அவற்றில் பட்டு ஷெட் முழுக்கத் தெறித்தன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆயிற்று.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். அண்ணன் எஞ்சினை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"எத்தனையோ வண்டி பார்த்திருக்கேன்" என்றார் கடைசியில். "அதுல பாதி செத்த வண்டி. இது இன்னும் மூச்சு விடுது."

"அப்போ விலை?" அக்கா கேட்டாள்.

"விலை ரெண்டாவதும்மா. முதல்ல இது யாருன்னு தெரியணும்."

பாயை விரித்து மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தார். பிரஷ் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் துரு. முகத்தில் இருந்த வெளிச்சம் குறைந்திருந்தது.

"அடிச்சட்டத்துல நம்பர் வெட்டியிருப்பாங்க. அந்த இடத்தைத் துரு தின்னுடுச்சு. உடம்புல ஏழுன்னு இருக்கு. சட்டமும் ஏழுதான்னு தெரிஞ்சா, இது பிறந்த மாதிரியே இருக்கிற வண்டி. அந்தக் கம்பெனி செஞ்ச ஏழாவது வண்டி. தெரியலேன்னா, வேற எதோட உடம்பையோ எடுத்து இந்தச் சட்டத்துல வச்சதுன்னும் சொல்லலாம். அப்படி நிறைய நடந்திருக்கு." ஸ்டீயரிங்குக்கு எதிரே இருந்த மரப் பலகைப் பக்கம் போனார். "இங்க ஒரு தகடு இருக்கணும். கம்பெனி பேர், நம்பர் எல்லாம் அதுல இருக்கும். இந்தக் கடிகாரம் முப்பது நாப்பது வருஷம் பிந்தினது."

"கடிகாரமா?" அக்கா எட்டிப் பார்த்தாள். "டேய், இது எப்ப வந்துச்சு? இங்க கறுப்பா ஒரு மேடுதானே இருந்துச்சு?"

"சும்மா அழகுக்கு மாட்டினேன்க்கா."

"அந்த மேடு எங்க?"

"மேடெல்லாம் இல்ல. அழுக்கு. துடைச்சேன், போயிடுச்சு."

அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். பிறகு, ஏனோ, என்னைப் பார்த்தார். எல்லாம் என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் என்று டீச்சர் சொன்னது சரிதான் போல.

"ஏம்மா, நீ இந்த வீட்டுலயேதான் இருக்கே. இங்க ஏதாவது தகடு பார்த்திருக்கியா?"

ஷெட்டில் எஞ்சின் சூடு ஆறும் சத்தம் மட்டும் கேட்டது. டிக். டிக். அக்காவின் கை இன்னும் என் கையில் இருந்தது. ஆறு வருஷம் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்த கை. எதிரே அண்ணன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சும்மா நிற்கலாம். எனக்குத்தான் அது கை வந்த கலை ஆயிற்றே. ஆனால் இந்த முறை சும்மா நின்றால் அதுவே பதில் ஆகிவிடும்.

"இல்ல. எதுவும் பார்த்ததில்ல" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அண்ணன் சட்டென்று நிமிர்ந்தான். நான் பொய் சொல்லி அவன் கேட்டதே கிடையாது. நான் எதையும் சொல்லியே அவன் அதிகம் கேட்டதில்லை.

அந்த அம்மா பெருமூச்சு விட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "அப்போ நான் இருக்கிறதை எழுதறேன். எனக்கு மனசு வரல, ஆனா எழுத்துன்னா எழுத்துதான்." எழுதிக்கொண்டே படித்தார். "பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாகக் கருதலாம். அசல் வண்டி என்பதற்கு ஆதாரம் இல்லை."

"அப்படின்னா எவ்வளவு வரும்?" அக்காவின் குரல் உள்ளே போயிருந்தது.

"ஒரு சாதாரண புதுக் கார் வாங்கலாம்மா."

அதில் பாதியை அண்ணனால் புரட்ட முடியும். அவனுக்கு வேண்டியது இதுதான். நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் அறை வாங்கியவனின் களை.

"சேர்த்துக் கட்டினதா?" என்றான்.

"ஒட்டுப் போட்டதுன்னு நான் சொல்லலப்பா. ஆனா படிக்கிறவங்க அப்படித்தான் புரிஞ்சுப்பாங்க."

"இந்த வண்டியையா?"

அவர் கையெழுத்துக்காகப் பேனாவைத் திருப்பினார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். சட்டைப் பைக்குள் கை விட்டான். துணிச் சுருட்டை எடுத்து, சீட் பலகைமேல், அந்தக் கட்டைவிரல் ரேகைக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தான்.

"நேத்துக் கழட்டினேன்" என்றான். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்காகத்தான் சொன்னா."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். கைகளைச் சேலையில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். பூதக்கண்ணாடியைத் தகட்டின் மேல் பிடித்து, விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தினார். கம்பெனியின் பெயர். ஊர். கடைசியில் ஒரே ஒரு எண்.

ஏழு.

வயதான அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பெண் மாதிரி, காலை நீட்டிக்கொண்டு.

"ஏழாவது" என்றார். "இவங்க செஞ்ச முதல் பத்துல ஒண்ணுகூட மிஞ்சலன்னு நாங்க எழுதி வச்சிருக்கோம். புத்தகமே போட்டிருக்கோம். இது இங்க, ஆணி டப்பாவுக்குப் பக்கத்துல நிக்குது." சிரித்தார். கண்ணில் தண்ணீர். "இந்தத் தெருவுல எத்தனை வீடும்மா இருக்கு?"

"இருபத்திமூணு" என்றாள் அக்கா.

"இந்தப் பக்க வரிசை மொத்தமும் வாங்கலாம்."

அக்கா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவள் அண்ணனைத்தான் பார்த்தாள். "டேய்" என்றாள். நான் காரைப் பார்த்தேன். அது எப்போதும் போல நின்றது. ஆனால் அதைச் சுற்றி இனி எப்படிப் பெருக்குவது என்று எனக்குத் தோன்றியது.

அந்த அம்மா தகட்டை விடவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"எழுத்துக்குள்ள கறுப்பு பெயின்ட் இருக்கே?"

"எப்பவுமே அப்படித்தான்" என்றாள் அக்கா. "கம்பெனியிலயே அடிச்சிருப்பாங்க."

"பேர் தெரியணும்னுதானேம்மா தகடே வைக்கிறாங்க. அதை அவங்களே மூடுவாங்களா?" இடுக்கியால் ஓரத்தில் ஒட்டியிருந்த பெயின்ட்டைக் கீறினார். "இது கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட். முப்பது வருஷம் இருக்கும். இது என்னன்னு தெரிஞ்ச யாரோ, வேணும்னே மூடியிருக்காங்க. ஏன்னு தெரியல. ஒருவேளை பழைய இரும்பு மாதிரி தெரியட்டும்னு..."

பேச்சை நிறுத்தினார். அக்கா சொன்ன கதை அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

இடுக்கி நுனியில் பெயின்ட்டோடு ஏதோ வந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். ஒரு பிரஷ் முடி.

எனக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அப்பா பெயின்ட் அடித்த ஷெட் கதவு, திறந்து கிடந்தது, வெயிலில் கறுப்பாக. அதில் நான் பிய்த்தது போக மிஞ்சிய முடிகள்.

அண்ணனும் பார்த்தான். கிட்டே போய், ஒரு முடியை விரலால் தடவினான். அப்படியே நின்றான்.

பிறகு திரும்பி வந்து, எஞ்சின் கைப்பிடியை அதன் ஆணியில் மாட்டினான். என் கையை எடுத்து விரித்தான். சட்டைப் பையின் அடியிலிருந்து நாலு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அவை அவன் உடம்புச் சூட்டில் இருந்தன. என் விரல்களை அவற்றின்மேல் மூடினான். "தகட்டை நீயே மாட்டிடு" என்றான்.

"எங்கடா போற?" என்றாள் அக்கா.

கதவில் தோள் படாமல் ஒதுங்கி, அவன் வெளியே போனான்.